கூடிக் குடிக்கும் கூழ்

ஒருவருக்கென்று அளவாகக் காய்ச்ச இயலாத உணவு ஒடியற் கூழ். பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அதை இடித்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பை வடிப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி என ஒவ்வொன்றாய்ப் பானையில் இறங்கும். ஊறிய மாவும் அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் இறுதியிற் சேரும். பானை பெரிதாகாமல் என் செய்யும்?

அண்மையில் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வளவொன்றில் கூழ்ப் பிரியர் பன்னிருவர் கூடினோம். நண்டை உடைத்துப் போடுவதா, முழுதாக இடுவதா என்ற வாதம் அடுப்பு மூளுமுன்னரே மூண்டது. உடைத்துப் போடுவதே முறை என்பது என் துணிபு. பனையோலையிற் கோலிய பிளாவிலே சுடச்சுட வார்த்ததும் வாதம் அடங்கிற்று. கோப்பையிற் குடிப்போரும் உளர். ஓலையின் மணம் அவர்களுக்குக் கிட்டாது.

2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கடற்றொழிலுக்குத் தடைகள் இருந்தன. ஊரடங்கும் அடிக்கடி வந்தது. நண்டுக்கு மட்டுமன்று, நாலுபேர் கூடுவதற்கும் பஞ்சமாயிற்று. மா வீட்டில் இருந்தாலும் பெரிய பானை பரணிலேயே கிடந்தது.

எங்களுள் மூத்தவரான கடற்றொழிலாளர் ஒருவர் மூன்றாம் முறையும் பிளாவை நீட்டினார். பானையைச் சரித்து வார்த்தோம்.