கணினி அழுத்தும் பொத்தான்

(அரசு அலுவலர்கள், கணினியியல் மாணவர்கள் ஆகியோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சான்றிதழ், ரயில் பயணச்சீட்டு, கல்வி உதவித்தொகை, வரிக் கணக்கு என மக்கள் அரசிடம் கொண்டுவரும் பல வேலைகள் இன்று வலைத்தளங்களின் வழியே நடைபெறுகின்றன. முன்னாளில் அலுவலகச் சன்னலின்முன் வரிசையில் நின்று நீட்டிய விண்ணப்பத்தை, இப்போது திரையில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தி அனுப்புகிறோம். அந்தப் பொத்தானை அழுத்துவது மனிதக் கைதானா? இக்கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். சிறிய தொழில்நுட்பச் செய்தியாகத் தோன்றும் இதற்குள், பொதுச்சேவை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்னும் பெரிய கேள்வி அடங்கியுள்ளது.

நிகழ்வு என்பது யாது?

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாயிற்று. பயனர் மவுஸைச் சொடுக்கினாலும், விசையை அழுத்தினாலும், பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும், உலாவி அச்செயலை ஒரு 'நிகழ்வு' ஆக்கி, அதற்கெனக் காத்திருக்கும் நிரல்பகுதிக்கு அறிவிக்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டு நவம்பரில் இதற்கான பொது விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, நிகழ்வை உண்டாக்கி அனுப்பும் ஆற்றல் நிரலுக்கும் உண்டு. 'டிஸ்பாட்ச் ஈவென்ட்' என்னும் கட்டளை அதற்கெனவே அமைந்தது. பொத்தானை நிரலே அழுத்துவதற்கு 'கிளிக்' என்னும் எளிய கட்டளையும் உள்ளது.

அலுவலகத் தபால் பிரிவை எண்ணிப் பாருங்கள். கடிதம் அஞ்சல்காரர் மூலம் வந்தாலும், ஒருவர் நேரில் கொடுத்தாலும், பதிவேட்டில் ஏறியபின் உரிய எழுத்தரின் மேசைக்குச் சென்றுவிடும். யார் கொண்டுவந்தார் என்று எழுத்தர் பொதுவாகக் கேட்பதில்லை. நிகழ்வைப் பெறும் நிரல்பகுதியும் அவ்வாறே நடந்துகொள்கிறது.

அறிவிக்கப்படாத மாற்றங்கள்

இங்கே அலுவலர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஒரு படிவத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால், அம்மாநிலத்தின் மாவட்டப் பட்டியல் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பயனர் தம் கையால் தேர்ந்தெடுக்கும்போது 'மாற்றம்' என்னும் நிகழ்வு பிறக்கிறது. அதைக் கேட்டே மாவட்டப் பட்டியல் நிரம்புகிறது. ஆனால் முன்னர்ச் சேமித்த விண்ணப்பத்தை மீண்டும் திறக்கையில், நிரலே மாநிலத்தின் பெயரை அக்கட்டத்தில் இட்டால் அந்நிகழ்வு பிறப்பதில்லை. திரையில் மாநிலம் தெரியும். மாவட்டப் பட்டியலோ வெறுமையாக இருக்கும். விண்ணப்பதாரர் தம்மிடமே தவறு இருப்பதாகக் கருதித் திகைப்பார். மதிப்பை இட்டபின் மாற்ற நிகழ்வையும் நிரல் அனுப்பினால், அல்லது பட்டியலை நிரப்பும் நிரல்பகுதியை நேரே அழைத்தால், இக்குறை நீங்கும்.

மற்றொன்று இதைவிடக் கவனத்திற்குரியது. படிவத்தை நிரல்வழி அனுப்ப இரு கட்டளைகள் உள்ளன. 'சப்மிட்' என்பது படிவத்தை நேரே அனுப்பிவிடும். கட்டாயக் கட்டங்கள் நிரம்பியுள்ளனவா என்னும் உலாவியின் சோதனை நடைபெறாது, அனுப்புதல் நிகழ்வும் பிறவாது. 'ரிக்வெஸ்ட் சப்மிட்' என்பதோ, பயனர் பொத்தானை அழுத்தியது போலவே சோதனைகளை நடத்தி, அதன்பின் அனுப்பும். முதற் கட்டளையைப் பயன்படுத்திய படிவங்கள் குறைபாடுடன் அலுவலகத்தை அடைந்தால், அதற்கு விண்ணப்பதாரரைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

நற்பயனும் தீப்பயனும்

நிரல்வழி நிகழ்வுகளின் முதன்மையான நற்பயன் சோதனைப் பணியாகும். ஒரு வலைத்தளத்தில் சிறு திருத்தம் செய்தாலும், எல்லாப் படிவங்களையும் மீண்டும் நிரப்பிப் பார்த்தல் வேண்டும். இதனை மனிதர் நாள்தோறும் செய்தல் அரிது. 2004ஆம் ஆண்டில் தோன்றிய செலினியம் என்னும் கருவி, உலாவியை இயக்கி இப்பணியைச் செய்கிறது. அதன் வழிவந்த வெப்டிரைவர் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டில் பொதுத் தரமாக ஏற்றது.

அதே ஆற்றல் தீய வழியிலும் செல்லக்கூடும். ரயில்வேயின் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனை 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கப்படுகிறது. பயணியர் பெயர், வயது, வண்டி எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்பவருக்கும், இவற்றை நொடிப்பொழுதில் நிரப்பிப் பொத்தானை அழுத்தும் சட்டவிரோத மென்பொருளுக்கும் இடையே நடப்பது சமமான போட்டி ஆகாது. மருத்துவத்திற்காகவோ, உறவினர் மறைவுக்காகவோ உடனே செல்ல வேண்டியவரே இதில் இழப்புக்குள்ளாகிறார். உரிமம் பெறாமல் பயணச்சீட்டு வணிகம் செய்வதைத் தண்டிக்கும் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 143ஆம் பிரிவு, இணையவழிச் சீட்டுகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது.

முத்திரை போதுமா?

ஒவ்வொரு நிகழ்விலும் 'ஈஸ் டிரஸ்டட்' என்னும் குறி உண்டு. பயனரின் செயலால் உலாவி உண்டாக்கிய நிகழ்வில் அது 'ஆம்' என இருக்கும். பக்கத்திலுள்ள நிரல் அனுப்பியதில் 'இல்லை' என இருக்கும். இக்குறியைச் சோதித்தால் போதுமே என மாணவர்கள் எண்ணலாம். போதாது. வெப்டிரைவர் போன்ற கருவிகள் உலாவியையே இயக்குவதால், அவை உண்டாக்கும் நிகழ்வுகளிலும் 'ஆம்' என்றே இருக்கும். மேலும், பக்கத்தைத் திறவாமலே சர்வருக்கு நேரடியாக வேண்டுகோள் அனுப்பவும் நிரலால் இயலும். ஆகவே உண்மையான காவல் சர்வரில்தான் அமைதல் வேண்டும்: ஒரு கணக்கிலிருந்து குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை வேண்டுகோள்கள் வரலாம், கணக்கு யாருடையது, விவரங்கள் முறையானவையா என்பன அங்கே சோதிக்கப்படுதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் இணையவழித் தட்கல் சீட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்புக் கட்டாயமாக்கப்பட்டது இத்திசையில் எடுத்த நடவடிக்கையாகும்.

காவலைத் திரையிலேயே கடுமையாக்கினால் வேறொரு தீங்கு நேரும். பார்வையற்றவர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் பொத்தானை இயக்குகையில், மவுஸ் அசைவு ஏதும் இருப்பதில்லை. மவுஸின் அசைவை மனிதனின் அடையாளமாகக் கொள்ளும் வலைத்தளம் அவரை இயந்திரமென ஒதுக்கிவிடும். முறையான பொத்தானாக அமைக்காமல், வெறும் கட்டத்திற்குப் பொத்தான் வடிவம் தந்திருந்தால், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துவோரால் அதனை இயக்கவே இயலாமற் போகும். கண் சிமிட்டிக் காட்டினால்தான் உயிருள்ளவர் என ஏற்கும் அடையாளச் சரிபார்ப்பு முறையால் அமிலவீச்சுக்கு உள்ளானோர் அடைந்த துன்பம் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. மின்னணுச் சேவைகளைப் பெறும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவில் உள்ள வாழ்வுரிமையின் கூறு என 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அந்நீதிமன்றம் கூறியது.

நாம் செய்ய வேண்டுவன

புதிய வலைத்தளத்தை ஏற்கும்முன் அலுவலர்கள் மூன்று சோதனைகளைக் கோருதல் நலம். மவுஸைத் தொடாமல், விசைப்பலகையாலும் திரைவாசிப்பு மென்பொருளாலும் படிவத்தை நிறைவு செய்ய இயல்கிறதா? சேமித்த விண்ணப்பத்தை மீண்டும் திறந்தால் எல்லாக் கட்டங்களும் உரியவாறு நிரம்புகின்றனவா? திரையின் சோதனைகளைத் தாண்டிவரும் தவறான விண்ணப்பத்தைச் சர்வர் மறுக்கிறதா? இம்மூன்றுக்கும் தனித்த கருவிகள் பெரிதாகத் தேவையில்லை. ஒரு நாள் பொறுமையே போதும்.

மாணவர்களே! பொத்தானை அழுத்தும் நிரலை எழுதுவது உங்களுக்கு ஓர் அரைமணி நேரப் பயிற்சி. அந்நிரல் யாருடைய இடத்தைப் பறிக்கிறது, யாருக்குக் கைகொடுக்கிறது என்று எழுதுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாளை நாட்டின் சேவைத் தளங்களை அமைக்கப்போகிறவர்கள் நீங்களே.