கணவாய்க் காற்றும் நொய்யல் நீரும்

(தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோவையில் இத்தனை மில்கள் எப்படி வந்தன என்று கேட்டால், முதலாளிமார் தங்கள் சாமர்த்தியம் என்பார்கள். பூகோளத்தைக் கேட்டால் வேறு கதை சொல்கிறது.

மேற்குமலை பாலக்காட்டில் வழி விடுகிறது. ஆனி, ஆடியில் ஈரக்காற்று அந்தக் கணவாய் வழியே உள்ளே வருகிறது. காற்று வறண்டால் இழை அறும் என்பதை நூற்புக் கதிரில் நிற்கும் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையோ பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே கொட்டிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்ப மழைக்கும் கரிசல் மண் பருத்தி விளைவித்தது. 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு முடிந்த ரயில் பாதையும் இதே கணவாயில்தான் நுழைந்தது. (ஊருக்குள் வராமல் போத்தனூரோடு விலகிப் போனது வேறு விஷயம்.)

1888-லேயே இங்கு மில் வந்துவிட்டது. ஆனால் அருகில் நிலக்கரி கிடையாது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீரைச் சுமார் 3,000 அடி கீழே இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். கம்பி சமவெளிக்கு வந்த பிறகே பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் மில்கள் மளமளவென்று எழுந்தன. மலையும் காற்றும் எந்த முதலாளியும் செய்ததல்ல. மின்நிலையமோ சர்க்கார் பணம், அதாவது ஜனங்கள் பணம்.

1901-ல் சுமார் 53 ஆயிரம் பேர் இருந்த ஊர் 1951-ல் ஏறத்தாழ 2 லட்சமாயிற்று. வந்தவர்கள் யார்? மானாவாரிக் காட்டில் மழை பொய்த்துக் கூலி இழந்தவர்கள், கவலை இறைத்துக் கை காய்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். இங்கே மில் தொழிலாளி என்றும் விவசாயக் கூலி என்றும் இரண்டு ஜாதி இல்லை. ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியும்தான்.

இந்த அண்ணன் தம்பியைத்தான் நொய்யலில் மோத விட்டார்கள். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் சிறிய ஆறு. மழைக்காலம் போனால் நீர் குறைவு. அதன் கரையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பெருகின. பாசனத்துக்கென 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணறு கெட்டது, காடு கெட்டது. அந்தக் காட்டில் களையெடுத்த பெண்களுக்குக் கூலியும் போயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னது. உடனே, "உன் வேலையைப் பறித்தவன் விவசாயி" என்று தொழிலாளியிடம் சொன்னார்கள். விவசாயியிடம், "உன் ஆற்றைக் கெடுத்தவன் தொழிலாளி" என்றார்கள்.

கழிவைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டது சாயத் தொட்டியில் கை வைத்தவனல்ல. அந்தச் செலவை மிச்சம் பிடித்தவன். அவன் பெயரை மட்டும் இரண்டு பேரிடமும் யாரும் சொல்லவில்லை.