வட்டையை விற்று வளவு வாங்குவோருக்கு
(கல்லடியில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



படுவான்கரையில் வட்டையை விற்று எழுவான்கரையில் வளவு வாங்கும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. 1924இல் திறந்த இரும்புப் பாலமும், அதனருகே 2013இல் திறந்த புதிய பாலமும் கல்லடியை நகரத்தோடு பிணைத்துவிட்டன. சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இங்கிருப்பதால் அறை தேடி மாணவரும் வருகின்றனர். வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை என்று விவசாயி எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால், வீட்டில் முதலிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். குடியிருந்தவர் வாடகை தராத அன்றா அவர்கள் இழந்தனர்? அல்ல. காணியை வாங்கிய அன்றே இழந்துவிட்டனர்!

காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதே முதற் கேள்வி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியை எவரும் விரும்பியபடி விற்றுவிட முடியாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் பெறுவது அந்த வெள்ளைத் தாளை மட்டுமே.

உறுதிக் காணியிலும் சிக்கலுண்டு. நம் நாட்டு வழக்கத்தில் வீடுவளவு பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகின்றது. நம்மிடம் வந்த விவசாயி ஒருவர், மூத்த சகோதரரின் வாய்ச்சொல்லை நம்பி வளவை வாங்கியிருந்தார். வெளிநாட்டிலிருந்த தங்கைக்கும் அதிற் பங்கிருந்தது என்பது சுவர் எழும்பிய பின்னரே தெரிந்தது. சுவரைத் தங்கையின் பங்கிலிருந்து பெயர்த்தெடுக்க முடியுமா? வெளிநாட்டிலுள்ளவருக்காக அற்றோணித் தத்துவத்தோடு ஒருவர் விற்க வந்தால், தத்துவத்தைக் கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா என்றும் விசாரியுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அத்தத்துவமும் முடிந்துவிடும். காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடாதீர்கள். எழுதிய உறுதியை உடனே பதிவும் செய்யுங்கள். 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி, முந்தி எழுதியவரை முந்திப் பதிந்தவர் வென்றுவிடக்கூடும்.

இனி, இந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் கடல் என்ன செய்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வீடுகளோடு வேலியும் எல்லைக் கல்லும் போயின. அப்பகுதியில் வாங்குவோர் பழைய வரைபடத்தை நம்பாது புதிதாக நில அளவை செய்விக்க வேண்டும். கடலிலிருந்து முந்நூறு மீற்றருக்குள் கட்டுவதானால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் அனுமதியையும் பெற வேண்டும். மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகவே மிதக்கின்றது. அறைகளைக் கூட்டிக் கூட்டிக் கட்டி, கிணற்றருகே மலக்குழியையும் தோண்டுபவர், வாடகைக்கு வந்த பிள்ளைகளுக்கு நோயைக் கொடுக்கின்றார்.

கணக்கையும் பார்ப்போம். காணியும் கட்டடமுமாக ஒரு கோடியே இருபது இலட்சம் செலவாகி, மாதம் முப்பதினாயிரம் வாடகை வருகின்றதென வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று இலட்சத்து அறுபதினாயிரம், நூற்றுக்கு மூன்று! விடுமுறையில் வீடு வெறுமையாகும். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். செலவிற் பாதியை நூற்றுக்குப் பதினைந்து வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால், வட்டி மட்டும் ஆண்டுக்கு ஒன்பது இலட்சம். இந்தக் குழியை எந்த வாடகை நிரப்பும்? சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த வாடகையைக் கண்டு மாடி எழுப்பியவர்கள், அவை போனபின் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ எழுபது சதவீதம் ஏறியபோது, ஐந்தாண்டுக்கு ஒரே தொகை பேசியிருந்தோரும் தலையிற் கைவைத்தனர்.

கடைசியாக, குடியிருப்பவர். அவர் நமக்குப் பகைவரல்லர். அவரும் நம் போன்றோரின் பிள்ளையே. பெற்ற முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கொடாமல், போகும்போது அதைத் தர மறுக்கும் வீட்டுக்காரரும் நம்மிடையே உண்டு. வெட்கக்கேடு! ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். குத்தகை முடிந்த இடத்தை விரைவில் மீட்பதற்கென 2023இல் ஒரு சட்டம் வந்துள்ளது. முறையாக எழுதிய குத்தகை இல்லாதவருக்கு அது கைகொடாது.

உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் கையோடு கொண்டு வந்திருப்போர் சிலரைப் பார்க்கின்றோம். முன்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம்.