பிளாஸ்டிக்கில் ஒரு தேக்குப் பலகை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பிளாஸ்டிக்கில் செய்த சிறு மாதிரிகளுக்கு மரத்தின் தோற்றத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இன்றைய பேச்சு. "மரம் வேண்டுமென்றால் மரத்திலேயே செய்யலாமே சார்" என்று சிலர் கேட்பீர்கள். செய்து பாருங்கள். உண்மையான மரத்துண்டைச் சின்ன மாதிரியில் ஒட்டினால் அது மரமாகத் தெரியாது. காரணம் ஆறாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது.

இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்தில் கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1869இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது. சீனாவிலிருந்து தேயிலை ஏற்றிவரச் செய்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து கம்பளியும் ஏற்றியது. எலும்புக்கூடு இரும்பு, மேலே போர்த்தியது மரப்பலகை, மேல்தளம் தேக்கு. இதன் பிளாஸ்டிக் மாதிரியை ரெவல் நிறுவனம் 96இல் ஒரு பங்கு அளவில் விற்றது. ஏறக்குறைய 65 மீட்டர் உடல் 68 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அப்படியானால் 12 சென்டிமீட்டர் அகலப் பலகை எவ்வளவு? 1.25 மில்லிமீட்டர். உண்மையான தேக்குத் துண்டில் ஒரு ரேகையே அந்த அகலம் இருக்கும். கப்பல் மாதிரியில் அதை ஒட்டினால் ஒரே ரேகை ஒரு பலகையை மறைத்துவிடும்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். மாதிரி செய்யும் நிறுவனங்கள் பிளாஸ்டிக்கிலேயே மர ரேகையைப் பள்ளமாகப் பதித்து அனுப்புவது உண்டு. அந்தப் பள்ளம் 0.2 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கு மெல்லியது. 96ஆல் பெருக்கினால் 2 சென்டிமீட்டர். உண்மைக் கப்பலில் அப்படி ஒரு தளம் இருந்தால் மாலுமியின் கால் விரல் உள்ளே மாட்டிக்கொள்ளும். விகிதம் நடத்தும்போது நான் இந்தக் கப்பலைத்தான் மேசையில் வைக்கிறேன். விடை தப்பினால் பிள்ளைகளே சிரித்துவிடுகிறார்கள்.

ஆகவே பள்ளத்தை நம்பக் கூடாது, வண்ணத்தை நம்ப வேண்டும். இங்கேதான் நமக்கு வேலை தொடங்குகிறது. மரம் என்ன நிறம் என்று எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். "பிரவுன் சார்" என்று ஒரே குரலில் வரும். கிரேயான் பெட்டி சொல்லிக்கொடுத்த பதில் அது. அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் பெஞ்சே பிரவுன் இல்லை. வெயிலும் மழையும் பட்ட தேக்கு சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புறஊதாக் கதிர் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, வெளிறிய செல்லுலோஸ் இழைகள் மேலே நிற்கின்றன. கப்பல் தளத்துக்குப் பிரவுன் பூசினால் அது சாக்லேட் கட்டி மாதிரிதான் இருக்கும்.

இப்போது செய்முறை. விலை கூடிய மாதிரிப் பெட்டி தேவையில்லை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சன் போர்டும் பிளாஸ்டிக்தான், அதில் பழகலாம். முதலில் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. மெல்லிய உப்புத்தாளால் பலகையின் நீளவாக்கில் மட்டும் இலேசாகத் தேய்க்கவும். குறுக்கே ஒரு தேய்ப்பு விழுந்தாலும் கடைசிவரை தெரியும். பிறகு அடிவண்ணம்: அக்ரிலிக்கில் வெளிர் நிறம். சந்தனம், மங்கலான மஞ்சள், சாம்பல் கலந்த வெள்ளை என்று பலகைக்குப் பலகை கொஞ்சம் மாற்றுங்கள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே நிறமாக இருப்பதில்லை. ஒருநாள் காயட்டும்.

அடுத்து வருவதுதான் முக்கியம். பர்ன்ட் அம்பர் என்ற எண்ணெய் வண்ணத்தைப் பட்டாணி அளவு எடுத்து ஓர் அட்டையில் வையுங்கள். அட்டை அதன் எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். முடி விறைத்துப்போன பழைய தட்டைத் தூரிகையில் அதைத் தொட்டு, துணியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். தூரிகையின் ஒவ்வொரு முடியும் ஒரு ரேகை போடும். நாம் தூக்கிப்போடும் தூரிகைக்குத்தான் இங்கே மதிப்பு. பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். அக்ரிலிக் நீர் ஆவியாகி நிமிடங்களில் காய்கிறது. எண்ணெய் வண்ணம் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெதுவாகத்தான் இறுகும், நாள்கணக்கில். பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த பின் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு.

முதல் உலகப் போர்க்கால ஜெர்மானிய அல்பட்ராஸ் விமானத்தின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது, வார்னிஷ் மட்டும் பூசியிருப்பார்கள். அதற்கு அடிவண்ணம் இன்னும் மஞ்சள், மேலே பளபளப்பு வேண்டும். முறை இதேதான்.

எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். பதிவேட்டில் தந்தையின் தொழில் கூலி என்று இருந்தது. நான் ரேகை இழுத்துக் காட்டியபோது பின்னாலிருந்து, "சார், இது ஓரப் பலகை மாதிரி இருக்கு, நடுப்பலகை இப்படி வராது" என்றான். அப்பா தச்சு வேலை செய்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு பை நிறையத் துண்டுகள் கொண்டுவந்தான். மரத்தின் நடுவை ஒட்டி அறுத்தால் நேர்கோடுகள், ஓரத்தில் அறுத்தால் கோபுரம் கோபுரமாக வளைவுகள், கணு இருக்கும் இடத்தில் ரேகை ஒதுங்கிப் போகும், வைரம் பாய்ந்த பகுதிக்கும் வெள்ளைக்கும் நிற வேறுபாடு. எல்லாவற்றையும் அவனே காட்டினான். ஆண்டு வளையம் படத்தை நான் பல வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அந்த வட்டங்களை நீளவாக்கில் அறுத்தால்தான் இந்தக் கோடுகள் வருகின்றன என்பதை அவன் கையில் வைத்துத் திருப்பிக் காட்டிய பிறகு வகுப்பில் யாருக்கும் படம் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் ஒரு படிவம் நிரப்பும்போது தந்தையின் தொழில் கட்டத்தில் "தச்சர்" என்று எழுதியிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் வண்ணமும் டர்பன்டைனும் சின்னப் பிள்ளைகள் கைக்கு வேண்டாம். பெஞ்சின் மேல் தாளை வைத்து கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், ரேகை தானாக எழும்பும். அதற்கு அடுத்து அக்ரிலிக்கைப் பழைய பல்துலக்கியால் இழுக்கலாம். மேல் வகுப்புகளில் சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். எண்ணெய் வண்ணம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. விரித்து வெளியே காயப்போட வேண்டும்.

பக்கத்து மேசையில் ஆறு துண்டுகள் வைத்திருக்கிறேன். இரண்டு உண்மையான மரம், நான்கு சன் போர்டு. கையில் எடுத்தால் எடையே சொல்லிவிடும், அதனால் தொடாமல் ஓரடி தள்ளி நின்று பார்த்து, எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். சாப்பிட்டு வந்து பிரித்துப் பார்ப்போம்.