கொடை ஓய்ந்தபின் நின்ற உறவு



முதியோரைப் பேணுதல் இல்லத்தின் கடமை. இல்லத்தால் இயலாதபோது ஊரின் கடமை. அக்கடமையை வெவ்வேறு நாடுகளின் அமைப்புகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட வரலாறும் உண்டு. அவ்வாறு அமைந்த உறவுகளுள் ஒன்று ஏன் நிலைத்தது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

செசில் ஜாக்சன் கோல் இங்கிலாந்தைச் சேர்ந்த வணிகர். ஆக்ஸ்ஃபாம் அறநிறுவனத்தை நிறுவியோருள் ஒருவர். 1961-ஆம் ஆண்டில் முதியோர் நலனுக்கென ‘ஹெல்ப் தி ஏஜ்டு’ என்னும் அமைப்பையும் அவர் தோற்றுவித்தார். பின்னர் 1970-களில், தில்லியைச் சேர்ந்த சாம்சன் டேனியல் என்னும் அன்பர், முதியோர் பணிக்காக அவ்வமைப்பிடம் பொருளுதவி வேண்டினார். கோல் பொருளை அளிப்பதற்கு மாறாக, பொருள் திரட்டும் முறையைக் கற்பிக்க முன்வந்தார். டேனியல் மூன்று மாதம் இலண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பி, தில்லிப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு நிதி நடைப்பயணம் நடத்தினார்.

இத்தகைய நடைப்பயணத்தின் முறை எளியது. மாணவர் நடக்கும் தொலைவுக்கு ஏற்ப ஒரு சிறு தொகை தருவதாக உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒப்புக்கொள்வர். செல்வர் ஒருவரின் பெருங்கொடையை நம்பியிராமல், பல வீடுகளின் சிறுகொடை ஒன்றுசேரும். ‘இது யாருக்காக?’ என்று வீடுதோறும் எழும் வினாவுக்கு மாணவரே விடை கூற வேண்டியிருப்பதால், முதியோரின் நிலை இளையோர் உள்ளத்திலும் பதியும்.

அம்முயற்சி வெற்றி பெற்றது. 1975-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களுக்கும் பணியாளர் அமர்த்தப்பட்டனர். 1978 ஏப்ரலில் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ தில்லியில் பதிவு செய்யப்பெற்றது. சில மாதங்களிலேயே அது தன்னாட்சி பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த நிதியும் நின்றது. பணியோ நிற்கவில்லை. பெற்றது பணம் மட்டுமாக இருந்திருப்பின், பணத்தோடு பணியும் முடிந்திருக்கும்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வுறவு மேலும் உயர்ந்தது. 1983-இல் இங்கிலாந்து, இந்தியா, கனடா, கென்யா, கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளின் அமைப்புகள் இணைந்து ‘ஹெல்ப்ஏஜ் இன்டர்நேஷனல்’ என்னும் கூட்டமைப்பை நிறுவின. ஒருகாலத்தில் உதவி வேண்டி நின்ற இந்தியா, உதவிய நாட்டோடு நிறுவனராகச் சமமாய் அமர்ந்தது.

அதன் பயனைத் தமிழகக் கடற்கரையும் கண்டது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. உறைவிடம் அளித்ததோடு அமையாமல், முதியோர் சுயஉதவிக் குழுக்களையும் உருவாக்கியது. சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துத் தொழில் செய்யும் முதியவர், பிறர் கையை எதிர்நோக்கி வாழ்பவர் அல்லர்.

இன்று சிற்றூர்கள் பலவற்றில் பெற்றோர் தனித்து வாழ, மக்கள் அயல்நாடுகளில் பணிபுரிகின்றனர். பிறந்த ஊரில் முதியோர் இல்லமோ பகல்நேரக் காப்பகமோ அமைக்க அவர்கள் விழைவது இயல்பு. அதற்குமுன் சட்டத்தை அறிதல் நன்று. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்வோர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அனுப்பும் தொகை அயல்நாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றோரும் அயல்நாட்டு அமைப்புகளும் தரும் தொகையைப் பெற, உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அவ்வாறு பெற்ற நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றவும் இயலாது.

கற்ற திறனுக்கோ இத்தகைய தடை இல்லை. படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் திருப்பிக் கிடத்தும் முறை, மறதி நோயுற்றவரிடம் பொறுமையோடு பேசும் முறை, நன்கொடையாளர் ஐயுறாதவாறு கணக்கு எழுதும் முறை ஆகியவற்றைப் பிற நாட்டு அமைப்புகளிடம் கேட்டுப் பெறலாம். கூட்டுறவை நாடும் ஓர் ஊர்ச் சங்கம், ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்பதற்கு முன், ‘நீங்கள் விலகிய பின்னும் இப்பணி நடக்க எங்களுக்கு எதைக் கற்பிப்பீர்கள்?’ என்று கேட்பதே தக்கது. கட்டடத்தை விட்டுச்சென்ற உதவியைக் காட்டிலும், பேணத் தெரிந்த கைகளை விட்டுச்சென்ற உதவியே முதியவரின் இறுதி நாள்வரை உடன் நிற்கும்.