திரையில் தெரியாத எழுத்து



நம் பிள்ளைகளுக்காக இணையவழிப் பாடங்கள் அமைக்க முன்வந்துள்ள இளைஞர்களுக்கு ஒன்று கூற விழைகின்றேன். வெண்திரையில் வெளிர்சாம்பல் நிற எழுத்து, அமைப்பவருக்கு அழகாகத் தோன்றலாம். மலிவான கைப்பேசியை வெயிலில் ஏந்திப் படிக்கும் மாணவனுக்கும், பார்வை மங்கிய மாணவிக்கும் அங்கே பாடமே இல்லை.

இதற்கு அளவுகோல் உண்டு. 2008ஆம் ஆண்டு வெளிவந்த உலகளாவிய வலை நெறிமுறைகள், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் 4.5க்கு 1 எனும் அளவிற்குக் குறையலாகாது என்கின்றன. பெரிய எழுத்தாயின் 3க்கு 1 போதும். வெண்மைமீது கருமை 21க்கு 1. வெண்மைமீது மஞ்சளோ ஏறத்தாழ 1க்கு 1தான்! கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதிய ஆசிரியர்களுக்கு இது புதிதன்று.

நிறத்தை மட்டுமே நம்புவதும் தகாது. சரியான விடைக்குப் பச்சை, பிழைக்குச் சிவப்பு என்று மட்டும் காட்டினால், அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத மாணவன் என் செய்வான்? வேதியியல் மேதை ஜான் டால்டனுக்கே இக்குறை இருந்தது. நிறத்தின் அருகில் ‘சரி’, ‘தவறு’ என எழுதிவிடுங்கள்.

ஒளிர்வு விகிதத்தைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் விலையின்றியே கிடைக்கின்றன. பாடத்தை வெளியிடுமுன், பழைய கைப்பேசி ஒன்றில் திறந்து, முற்றத்து வெயிலில் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.