தொட்டால் முடிந்தது
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாற்றுத்திறன் மாணவர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பதிவேடுகள், உபகரணங்கள் பற்றிச் சிறப்புப் பயிற்றுநர் காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் நான் ஒரு நீச்சல் வீராங்கனையைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் பெயர் கெர்ட்ரூட் எடெர்லி. 1905இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய இறைச்சிக் கடைக்காரர். சிறு வயதில் தட்டம்மை வந்து எடெர்லிக்குக் காது கேட்கும் திறன் குறைந்தது. நீந்தினால் இன்னும் மோசமாகும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆனாலும் நம் ஊர்க் கிணறுகளில் பழக்குவதைப் போலவே, இடுப்பில் கயிறு கட்டித்தான் அப்பா அவருக்கு நீச்சல் பழக்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம், தனிப் போட்டிகளில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அதன் பிறகுதான் ஆங்கிலக் கால்வாய் மீது ஆசை வந்தது. அதுவரை ஐந்து ஆண்கள் மட்டுமே நீந்திக் கடந்திருந்தார்கள்.

அந்த நீச்சலில் ஒரு விதி உண்டு. நீந்துபவரை யாரும் தொடக் கூடாது. படகிலிருந்து உணவு கொடுக்கலாம், உற்சாகப்படுத்தலாம். கை பட்டால் அத்தோடு முடிந்தது.

1925 ஆகஸ்டில் முதல் முயற்சி. பயிற்சியாளர் ஜேபெஸ் வுல்ஃப், தானே இருபது முறைக்கு மேல் முயன்றும் அந்தக் கால்வாயைக் கடக்க முடியாதவர். எடெர்லி எட்டு மணி நேரத்துக்கு மேல் நீந்திவிட்டார். அப்போது அவர் தண்ணீரைக் குடித்துவிட்டார், மூழ்கப் போகிறார் என்று வுல்ஃபுக்குத் தோன்றியது. பிடிக்கச் சொன்னார். உடன் நீந்தியவர் பிடித்துவிட்டார். நான் சற்று ஓய்வுதான் எடுத்தேன், என்னால் இன்னும் நீந்தியிருக்க முடியும் என்று எடெர்லி பிறகு சொன்னார். யார் சொன்னது சரி என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. பயிற்சியாளர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அடுத்த ஆண்டு எடெர்லி திரும்பிப் போனார். இந்த முறை பயிற்சியாளர் பில் பர்கெஸ், 1911இல் அந்தக் கால்வாயைக் கடந்தவர். நானாகக் கேட்காமல் என்னை யாரும் தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது என்று எடெர்லி முன்னதாகவே உறுதி வாங்கிக்கொண்டார். 1926 ஆகஸ்ட் 6 காலை ஏழு மணிக்குப் பிறகு பிரான்ஸ் கரையிலிருந்து இறங்கினார். உடல் முழுவதும் கொழுப்புப் பூச்சு, கண்ணாடிக்குள் தண்ணீர் புகாமல் மெழுகு அடைப்பு. வெற்றி பெற்றால் சிவப்புக் கார் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். (நாம் சைக்கிள் ஆசை காட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.)

மதியத்துக்குப் பிறகு கடல் கொந்தளித்தது. காற்று, மழை, எதிர் நீரோட்டம். நேராகப் போனால் 33 கிலோமீட்டர் தூரம். அலைகள் அடித்துத் தள்ளியதில் அவர் நீந்தியது 56 கிலோமீட்டர் வரை இருக்கும் என்கிறார்கள். படகில் இருந்தவர்கள் பயந்து, வெளியே வந்துவிடு என்று கத்தினார்கள். “எதற்கு?” என்று கேட்டுவிட்டு அவர் நீந்திக்கொண்டே இருந்தார். யாரும் தொடவில்லை. இரவு ஒன்பதரை மணி தாண்டி இங்கிலாந்துக் கரையில் கால் வைத்தார். எடுத்துக்கொண்டது சுமார் பதினான்கரை மணி நேரம். அதுவரை ஆண்களில் வேகமாகக் கடந்தவரைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. அப்போது அவருக்கு வயது 20.

நியூயார்க்கில் வரவேற்பு ஊர்வலம் நடந்தது. புகழ் சீக்கிரம் அடங்கியது. 1933இல் படிக்கட்டில் விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் நீந்தினார். காது பின்னர் கிட்டத்தட்ட முழுவதுமே கேட்காமல் போனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுத்தார். 98 வயது வரை வாழ்ந்து 2003இல் காலமானார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு பையனைத் தொட்டிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் காதொலிக் கருவி போட்ட ஒரு மாணவன். குறுவட்டப் போட்டிக்கு 600 மீட்டர் ஓட்டத்தில் பெயர் கொடுத்தான். விசில் கேட்காது, எல்லோரும் ஓடிய பிறகு தனியாக நிற்பான், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்து நான்தான் பெயரை அடித்தேன். அவனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் எதற்குமே அவன் கை தூக்கவில்லை. அது எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று.

மறு ஆண்டு எங்கள் உடற்கல்வி ஆசிரியர், “டீச்சர், பெயரை நானே எழுதிக்கிறேன்” என்றார். விசிலோடு சேர்த்துச் சிவப்புக் கைக்குட்டையைக் கீழே இறக்கினார். அவ்வளவுதான் ஏற்பாடு. பையன் ஐந்தாவதாக வந்தான். மூச்சு வாங்க என்னிடம் வந்து, “அடுத்த வருஷமும் இருக்கா டீச்சர்?” என்று கேட்டான்.

இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டி நெருங்குகிறது. தொடக்கத்தில் விசிலோடு கொடியும் அசைக்கலாமா என்று பொறுப்பாளர்களிடம் இன்றே கேட்டு முடிவு செய்துவிட்டால், பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன் எல்லாப் பள்ளிகளுக்கும் தெரிந்துவிடும். தேநீர் இடைவேளையில் பேசலாம்.